செவ்வாயில் விழாத கூரை

என் அப்பா கட்டட மேஸ்திரி. முப்பது வருஷத்துக்கு மேல் வீடு கட்டியிருக்கிறார். அதைவிடப் பெருமையாகச் சொல்லிக்கொள்வது இடித்த வீடுகளைப் பற்றித்தான். "கட்டறதுக்கு ஆள் நெறையா இருக்குது கண்ணு, பக்கத்து வீட்டுச் செவுத்துல கீறல் உழுகாம இடிக்கறதுக்குத்தான் ஆள் இல்ல" என்பார். ஈரோட்டுப் பக்கம் பழைய ஓட்டு வீடுகளை எடுத்துவிட்டு மாடி வீடு போட்ட காலத்தில் அவருக்கு அப்படி நிறைய வேலை வந்தது.

நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு பொங்கல் லீவில் வீட்டுக் கம்ப்யூட்டரில் 'ரெட் ஃபேக்‌ஷன்: கொரில்லா' விளையாடிக்கொண்டிருந்தேன். ஆட்களெல்லாம் ஊருக்குப் போயிருந்ததால் அப்பாவுக்கும் வேலை இல்லை. பின்னால் கட்டிலில் உட்கார்ந்து முறுக்கு கடித்துக்கொண்டிருந்தார். நான் சம்மட்டியை எடுத்துக்கொண்டு ஒரு இரண்டு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்துக்குள் புகுந்து தூண்களைச் சாத்திக்கொண்டிருந்தேன். இரண்டு தூண் போனதும் முறுக்குச் சத்தம் நின்றது.

"டேய், மேலயிருந்து எறங்கோணும்டா. கீழ கையை வெச்சா தலை மேல உழுகும்."

"இது கேம்ப்பா."

மூன்றாவது தூணை அடித்தேன். எங்கோ இரும்பு முனகியது. மேல்தளம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒரு நொடி யோசித்து, மொத்தமாக என் தலைமேல் இறங்கியது. திரை சிவந்து, செத்தால் மறுபடி தொடங்குகிற செக்பாயிண்டுக்குப் போனது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நாற்காலியை மட்டும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். என் விளையாட்டை அவர் உட்கார்ந்து பார்த்தது அதுவே முதல் தடவை.

இந்தக் கட்டுரை அந்த கேமைப் பற்றியது இல்லை. அதற்கு இரண்டு வருஷம் கழித்து, 2011 ஜூனில் வந்த 'ரெட் ஃபேக்‌ஷன்: ஆர்மகெடான்' பற்றியது. ஆனால் முதலில் இடித்ததைச் சொல்லாமல் அடுத்து ஏமாந்ததைச் சொல்ல முடியாது.

2009இல் வந்த கொரில்லாவை உருவாக்கியது அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் ஷாம்பெய்ன் நகரில் இருந்த வொலிஷன் நிறுவனம். வெளியிட்டது டிஎச்க்யூ. கதை 2125இல், செவ்வாய்க் கிரகத்தில் நடக்கிறது. பிழைப்புத் தேடி வந்து இறங்குகிறான் அலெக் மேசன். அங்கே பூமியின் ராணுவமான ஈடிஎஃப் சுரங்கத் தொழிலாளிகளை மிதித்துக்கொண்டிருக்கிறது. வந்த சுருக்கில் சகோதரன் டான் கண்முன்னே சுடப்பட்டுச் சாகிறான். அலெக் கலகக்காரர்களோடு சேர்கிறான். கதை அவ்வளவுதான், பெரிதாக ஒன்றும் இல்லை. மேசன் என்றால் கொத்தனார். கொத்தனார் என்று பேர் வைத்துக்கொண்டு இருப்பதையெல்லாம் இடிக்கிறானே என்று அப்பா சிரித்தார். அந்தப் பெயர்ப் பொருத்தம் உருவாக்கியவர்களுக்குத் தோன்றியதோ இல்லையோ, எங்கள் வீட்டில் கடைசிவரை அவன் 'கொத்தனார்'தான்.

கேமின் உயிர் கதையில் இல்லை, கட்டடங்களில் இருந்தது. அவற்றை உடைக்கவிடும் நுட்பத்துக்கு ஜியோமாட் 2.0 என்று பெயர் வைத்திருந்தார்கள். மற்ற கேம்களிலும் சுவர் உடையும். ஆனால் அங்கே உடைவது முன்பே தயாரித்து வைத்த காட்சி. எந்தப் பக்கம் சுட்டாலும் அதே மூன்று துண்டாக விழும். இங்கே ஒவ்வொரு கட்டடமும் தன் பாரத்தைத் தானே தாங்கிக்கொண்டு நின்றது. ஒரு தூணை எடுத்தால் அதன் சுமை பக்கத்துத் தூணுக்குப் போகும். அது தாங்கினால் கட்டடம் நிற்கும், தாங்காவிட்டால் விழும். எந்தப் பக்கம் விழும் என்பது எதை மிச்சம் வைத்தோம் என்பதைப் பொறுத்தது. இந்த கேம் ஓடிய எக்ஸ்பாக்ஸ் 360 என்ற கேம் பெட்டியின் மொத்த நினைவகமே 512 எம்பி. இன்றைக்கு ஒரு மலிவு போனில் அதைப் போல எட்டு மடங்கு இருக்கிறது. அதற்குள் இந்தக் கணக்கைப் போட்டு ஓட்டினார்கள்.

இதை உருவாக்கும்போது நடந்ததாக அவர்களே சொன்ன கதை ஒன்று உண்டு. ஓவியர்கள் அழகழகாகக் கட்டடம் வரைந்து கொடுத்திருக்கிறார்கள். பாரக் கணக்கை இயக்கியதும் யாரும் தொடாமலே அவை பொலபொலவென்று விழுந்திருக்கின்றன. தூண் போதவில்லை. பிறகு நிஜக் கட்டடம் எப்படி நிற்கிறதோ அப்படி வரையக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அவர் வாழ்நாள் முழுக்க டிசைனர்களிடம் கத்திக்கொண்டிருந்ததை ஒரு கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது.

அந்த கேமில் 'டெமாலிஷன் மாஸ்டர்' என்று சின்னச் சின்னப் பந்தயங்கள் இருந்தன. குறிப்பிட்ட கட்டடம், எண்ணிக் கொடுத்த வெடிகள், ஒரு சம்மட்டி, கொஞ்சம் நேரம். அதற்குள் தரைமட்டமாக்க வேண்டும். நாலு தடவை தோற்ற ஒரு பந்தயத்தில் அப்பா திரையில் விரல் வைத்துக் காட்டினார். "இந்த மூலைக்கால் ரெண்டுல வெச்சிரு. நடுவுல தொடாத. பாரம் பூராவும் அந்தப் பக்கம் போயி அதுவே இழுத்துக்கும்." இழுத்துக்கொண்டது. சைட்டில் யாரும் கீழிருந்து இடிக்க மாட்டார்கள், அவரும் இடித்ததில்லை. ஆனால் எதைத் தொட்டால் எது விழும் என்பது அவருக்குத் தெரியும். எதைத் தொடக்கூடாது என்பதைத்தானே இத்தனை வருஷமாகப் பார்த்துப் பார்த்து வேலை செய்திருக்கிறார்.

இடிந்த கட்டடத்திலிருந்து கிடைக்கும் பழைய இரும்புதான் அந்த ஊர்க் காசு. அதைப் பொறுக்கிக் கொடுத்துத்தான் புது ஆயுதம் வாங்க வேண்டும். அப்பாவுக்கு இதை நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. ஓட்டு வீடு இடிக்கும்போது முதலில் ஓட்டை இறக்கி அடுக்குவார்கள். அப்புறம் சட்டம், கைமரம், விட்டம். நிலையும் கதவும் தனியாக விலை போகும். நல்ல தேக்கு விட்டம் இருந்தால் இடிப்புக் கூலியே வேண்டாம், மரத்தை எடுத்துக்கொள்கிறேன் என்று பேசுகிற ஆட்கள் உண்டு. செவ்வாயிலும் அதே ஏற்பாடுதான் என்றதும் அந்த ஊரின் மேல் அவருக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

குறை இல்லாத கேம் இல்லை. ஆறு பகுதிகளில் பெரும்பாலானவை ஒரே செம்மண் நிறம். பாதி மிஷன்கள் ஒன்றைப் போல இன்னொன்று. பணயக்கைதிகளை மீட்கப் போய், அவர்கள் மேலேயே கட்டடத்தைத் தள்ளிவிட்டு, அவர்களையும் கொன்றுவிட்டு, ஊர்க்காரர்களின் மனவுறுதி குறைந்துவிட்டது என்று திட்டு வாங்கியது எனக்கு எத்தனையோ தடவை. அதெல்லாம் மன்னிக்கக்கூடியது. தூரத்தில் ஒரு பாலம் தெரிந்தால், அதில் ஈடிஎஃப் வண்டி வரும்போது நடுத்தூணை எடுக்கலாமா என்று யோசிக்கிற இன்பம் வேறு எந்த கேமிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

அதனால்தான் ஆர்மகெடானுக்கு அப்படிக் காத்திருந்தேன்.

கதை அலெக்கின் பேரன் டேரியஸ் மேசனுடையது. தொடக்கத்திலேயே ஆடம் ஹேல் என்ற வெறியனும் அவன் கூட்டமும் செவ்வாயின் காற்றைச் சுவாசிக்கத் தகுந்ததாக வைத்திருக்கும் பெரும் இயந்திரத்தை உடைத்துவிடுகிறார்கள். தடுக்கப் போன டேரியஸால் தடுக்க முடியவில்லை. மேற்பரப்பில் புயலும் மின்னலும். மிச்சமிருக்கும் சனம் நிலத்துக்கு அடியில், பாட்டன்கள் தோண்டிய குகைகளில் குடியேறுகிறது. சில வருஷம் கழித்து, கூலிக்கு ஒரு வேலை என்று போன டேரியஸ் என்னவென்று தெரியாமல் ஒரு பழைய மூடியைத் திறந்துவிடுகிறான். உள்ளேயிருந்து பூச்சிகள் கிளம்புகின்றன. 'பிளேக்' என்று பெயர். அதற்கப்புறம் கேம் முழுக்க அவற்றைச் சுட்டுக்கொண்டே குகையிலிருந்து குகைக்கு ஓட வேண்டியதுதான். வழி ஒன்றே ஒன்று. அம்புக்குறி காட்டுகிற பக்கம் போனால் போதும்.

கேட்கும்போதே என்ன தப்பு என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அப்போது தெரியவில்லை. முதல் ஒரு மணி நேரம் ஏதோ குறைகிறதே என்று மட்டும் இருந்தது. வெடிக்கிறது, உடைகிறது, துண்டுகள் பறக்கின்றன. கொரில்லாவைவிடத் திரை பளபளப்பாகத்தான் இருந்தது. ஆனால் எதை உடைத்தாலும் ஒன்றும் ஆகவில்லை. குகையில் என்ன இருக்கும்? நடைபாலம், ஏணிப்படி, இரும்புக் கூண்டு, குழாய், அங்கங்கே ஒரு கொட்டகை. எல்லாம் ஒரு ஆள் உயரம், இரண்டு ஆள் உயரம். பின்னால் பாறைச் சுவர், மேலே பாறைக் கூரை. பாறையில் ஒரு கீறல்கூட விழாது.

இதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத வயிற்றெரிச்சல். 2001இல் பிளேஸ்டேஷன் 2க்கு வந்த முதல் 'ரெட் ஃபேக்‌ஷன்' கேமின் பெருமையே பாறையைக் குடைவதுதான். ராக்கெட் லாஞ்சரை வைத்துச் சுரங்கச் சுவரில் சொந்தமாக ஒரு பொந்து போடலாம். கதவு பூட்டியிருந்தால் பக்கத்துச் சுவரைத் துளைத்துக்கொண்டு போகலாம், எல்லா இடத்திலும் இல்லாவிட்டாலும். கொரில்லாவில் அந்தக் குடைவதை விட்டுவிட்டுக் கட்டடங்களை எடுத்துக்கொண்டார்கள். திறந்தவெளிக்கு அது சரி. ஆர்மகெடானில் மறுபடி நிலத்துக்கு அடியில் போனார்கள், குடைவதைத் திருப்பிக் கொண்டுவரவில்லை. கட்டடங்களை மேலேயே விட்டுவிட்டு வந்தார்கள். சுரங்கத் தொழிலாளியின் பேரன், சுரங்கத்துக்குள் வாழ்கிறவன், ஒரு கைப்பிடி மண்ணைக்கூடக் கிளற முடியாது.

நியாயமாகச் சொன்னால் புதுசாகச் சேர்த்தவற்றில் இரண்டு அருமையானவை.

ஒன்று, டேரியஸின் கையில் இருக்கும் நானோ ஃபோர்ஜ். அதை வைத்து உடைந்ததைச் சரிசெய்யலாம். பட்டனை அழுத்திப் பிடித்தால் சிதறிய துண்டுகள் நீலவெளிச்சத்தில் மிதந்து வந்து, படிக்கட்டு படி படியாகத் தன்னைத் தானே கட்டிக்கொள்ளும். முதல் தடவை பார்க்கும்போது வாய் பிளந்து நின்றேன். எதிரி சுடச் சுட, உடைந்த சுவரைத் திரும்ப எழுப்பி அதற்குப் பின்னால் ஒளியலாம். நல்ல யோசனை. இதற்கு ஒரு நடைமுறைத் தேவையும் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஒற்றை வழி கேமில் ஆட்டக்காரன் போகவேண்டிய பாலத்தை அவனே உடைத்துவிட்டால் அப்புறம் எப்படிப் போவான்? அதற்காக உடைக்கவே முடியாத பாலம் வைத்தால் இந்தத் தொடரின் மானம் போகும். அதனால் உடை, நீயே கட்டிக்கொள் என்று விட்டார்கள்.

ஆனால் அதிலேயே கேம் நொண்டிவிட்டது. கொரில்லாவில் தப்பாக ஒரு தூணை எடுத்தால் எடுத்ததுதான். தப்பிக்க இருந்த ஒரே பாலத்தை அவசரத்தில் வெடித்துவிட்டு, அக்கரையில் தனியாக நின்று ராணுவ வண்டிகள் வருவதைப் பார்த்த மாலைகள் உண்டு. அந்த பயம் இருந்ததால் ஒவ்வொரு வெடியையும் யோசித்து வைத்தேன். இங்கே பட்டனை அழுத்தினால் பாலம் வந்துவிடும். பத்தாவது தடவை படிக்கட்டைக் கட்டும்போது அது கதவைத் திறக்கிற மாதிரி ஆகிவிட்டது. கதவைத் திறக்க யாராவது காசு கொடுத்து கேம் வாங்குவார்களா?

இன்னொன்று மேக்னெட் கன். இதைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை சொல்ல மாட்டேன். முதல் குண்டை ஒரு பொருள் மேல் சுடவேண்டும், இரண்டாவதை அது போய் மோதவேண்டிய இடத்தில். நடுவில் என்ன இருந்தாலும் சரி, பொருள் பறந்து போய் மோதும். தோட்டா தீராது. ஒரு இடத்தில் கூட்டமாகப் பூச்சிகள் சுவரில் ஒட்டிக்கொண்டு வந்தன. முதல் குண்டைப் பக்கத்திலிருந்த கொட்டகையின் கூரையிலும், இரண்டாவதை ஒரு பெரிய பூச்சியின் நெஞ்சிலும் சுட்டேன். கூரை அப்படியே பிய்த்துக்கொண்டு போய் அதைப் பாறையோடு தேய்த்தது. கூரை போன கொட்டகையின் நாலு சுவரும் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்பக்கம் சாய்ந்தன. அந்த ஐந்து விநாடி, பழைய வொலிஷன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. இந்தத் துப்பாக்கியைக் கொரில்லாவின் ஊருக்குள் கொண்டுபோக விட்டிருந்தால் நான் டிகிரி முடித்திருக்க மாட்டேன்.

பூச்சிகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சில தாவும், சில மறையும், சில பெரிதாக இருக்கும். சுட்டால் சாகும். முந்தைய கேமில் எதிரிக்கு ஒரு முகவரி இருந்தது. அவன் காவல் கோபுரம் இங்கே, அவன் முகாம் அங்கே, அவன் சொத்தை உடைத்தால் அந்தப் பகுதியில் அவன் பிடி தளரும். உடைப்பதுதான் அரசியல். பூச்சிக்கு என்ன சொத்து இருக்கிறது? கூடு இருக்கிறது, அதையும் உடைக்கலாம், இன்னொரு கூடு வரும். தாத்தா ஒரு கிரகத்துக்கே விடுதலை வாங்கிக் கொடுத்தார். பேரன் பூச்சிமருந்து அடிக்கிறான். தொடரின் பெயரில் இன்னும் 'சிவப்பு அணி' இருந்தது. அந்த அணி யாரை எதிர்க்கிறது என்பதுதான் இல்லாமல் போயிற்று.

ஏன் இப்படிச் செய்தார்கள்? என் ஊகம், அந்தக் காலத்துச் சந்தை. இருட்டு நடைபாதையில் அசிங்கமான ஜந்துக்களைச் சுடுகிற கேம்கள் அப்போது நன்றாக ஓடின. அதே 2011 ஜனவரியில்தான் 'டெட் ஸ்பேஸ் 2' வந்திருந்தது. திறந்தவெளியில் ஆட்டக்காரன் எந்தப் பக்கம் போவான் என்று தெரியாது, கதையைக் கையில் பிடித்துக் கூட்டிப்போக முடியாது. சுரங்கத்தில் முடியும். டிஎச்க்யூவுக்கு அந்தப் பெயரை வைத்துப் பெரிய கனவுகளும் இருந்தன. அதே வருஷம் 'ரெட் ஃபேக்‌ஷன்: ஆரிஜின்ஸ்' என்று ஒரு தொலைக்காட்சிப் படம்கூட வந்தது. கேம் வந்து இரண்டு மாதம் ஆவதற்குள், இந்தத் தொடரை இனிப் பெரிதாகக் கொண்டுபோகப் போவதில்லை என்று டிஎச்க்யூவின் தலைவர் பிரையன் ஃபேரல் முதலீட்டாளர்களிடம் சொல்லிவிட்டார். 2012 டிசம்பரில் டிஎச்க்யூவே திவாலானது. சொத்துகள் ஏலத்துக்குப் போயின. வொலிஷனை ஒருவர் எடுத்தார், ரெட் ஃபேக்‌ஷன் பெயரை இன்னொருவர் எடுத்தார். நிலை ஒருத்தருக்கு, விட்டம் ஒருத்தருக்கு. 2023 ஆகஸ்ட் கடைசியில் வொலிஷனையும் மூடிவிட்டார்கள்.

ஆர்மகெடானை நான் அப்போது ஒரு தடவை முடித்துவிட்டு மறந்துவிட்டேன். போன மாதம் தள்ளுபடியில் மறுபடி கண்ணில் பட்டது. இத்தனை வருஷத்துக்கு அப்புறம் கோபம் தணிந்திருக்கும், நியாயமாகப் பார்ப்போம் என்று வாங்கினேன். அப்பா இப்போது வேலைக்குப் போவதில்லை, முழங்கால் விட்டுவிட்டது. சாயங்காலம் டீயை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"கொத்தனாரா?"

"அவன் பேரன்ப்பா."

கொஞ்ச நேரம் பார்த்தார். கிணற்றுக்குள் இருக்கிறானா என்று கேட்டார். அடியில் குடியிருக்கிறார்கள், மேலே காற்று கெட்டுவிட்டது என்று சொன்னேன். நான் ஒரு பெரிய குகைக்குள் நுழைந்து, கூரைக்கு முட்டுக் கொடுத்த மாதிரி நின்றிருந்த இரும்புக் கால்களில் ஒன்றை வெடித்தேன். பூச்சி ஒன்று அதன் பின்னால் இருந்தது. அப்பா சட்டென்று முன்னால் குனிந்தார். டீ டம்ளர் கையில் அப்படியே நின்றது. அவர் பார்வை பூச்சி மேல் இல்லை, கூரை மேல் இருந்தது. நான் இரண்டாவது காலையும் எடுத்தேன். மூன்றாவதையும். துண்டுகள் கீழே உருண்டன. மேலே தூசிகூட உதிரவில்லை.

"காலைப் பூரா எடுத்துப்போட்டயே, கூரை அப்படியே நிக்குது."

"அது பாறைப்பா. விழாது."

"உழுகாதுன்னா அப்பறம் எதுக்குக் கால் வெச்சான்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் டீயைக் குடித்துவிட்டுச் செய்தி பார்க்கப் போய்விட்டார். பதினைந்து வருஷம் முன்னால் முறுக்கை நிறுத்தியவர். நான் எழுத நினைத்த விமர்சனம் முழுவதையும் ஒரே வரியில் கேட்டுவிட்டுப் போய்விட்டார் என்பதால் இதை எழுதவே கொஞ்சம் தயக்கமாக இருந்தது.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: தள்ளுபடி விலைக்கு மோசமில்லை, கதையை எட்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம். கதை வேண்டாம் என்பவர்களுக்கு 'ரூயின்' என்று தனியாக ஒரு ஆட்ட முறை இருக்கிறது. பூச்சி, பேச்சு எதுவும் இல்லை. கட்டடங்களைக் கொடுத்து, நேரம் முடிவதற்குள் எவ்வளவு உடைக்கிறாய் என்று பார்க்கும். மேக்னெட் கன்னோடு அதில் அரைமணி நேரம் போனதே தெரியாது. மற்றபடி 2018இல் கொரில்லாவைத் தூசி தட்டி மறுபடி வெளியிட்டார்கள், இரண்டில் ஒன்றுதான் என்றால் அது.

ஆர்மகெடானின் கதையை முடித்தவர்களுக்கு மிஸ்டர் டூட்ஸ் என்று ஒரு ஆயுதம் திறக்கும். ஒற்றைக்கொம்புக் குதிரைக்குட்டி. டேரியஸ் அதைத் துப்பாக்கி மாதிரிக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பான். அழுத்தினால் அதன் பின்புறத்திலிருந்து வானவில் பீய்ச்சி, பட்டதெல்லாம் பஸ்பமாகும். கேமிலேயே பலமான ஆயுதங்களில் அதுவும் ஒன்று. அப்பாவிடம் அதைக் காட்டவில்லை.